அப்பாவுக்கு டயாலிசிஸ், 9 வயசுப் பையன் தண்ணி குடிக்க மாட்டேங்கிறான். என்ன சொல்லிப் புரியவைக்கிறது?

ஜமுக்காளம் | சனி, இரவு 11:10

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க படிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. எங்களுக்குப் பவானிப் பக்கம். வீட்டுக்காரருக்கு 8 மாசமா டயாலிசிஸ். சர்க்கரையில ரெண்டு கிட்னியும் போயிருச்சு. செவ்வாயும் வெள்ளியும் ஈரோடு போறோம், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுல நடக்குதுங்க, அது ஒரு புண்ணியம்.

பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. பையன் நாலாவது. பையன்கிட்ட மட்டும் விசயத்தைச் சொல்லல. "அப்பாவுக்கு வயித்துல புண்ணு, ஊசி போடப் போறோம்"னு சொல்லி வெச்சிருந்தோம். சின்னப் பையன் பயந்துக்குவான்னுதான்.

அவருக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி தண்ணிதான் கணக்கு. டீ, ரசம், மோர் எல்லாம் அதுக்குள்ள. நாக்கு வறண்டு போனா பையனைக் கூப்பிடுவாராம்: "கண்ணு, அம்மாவுக்குத் தெரியாம ஒரு சொம்பு கொண்டா." இவனும் கொண்டு போய்க் குடுத்திருக்கான். போன ஞாயித்துக்கிழமை உண்டியலைத் திறந்து இளநி ஒண்ணு வாங்கிட்டு வந்து குடுத்திருக்கான். வயித்துப் புண்ணுக்கு இளநி நல்லதுன்னு எங்கேயோ கேட்டிருக்கான்.

திங்கக்கிழமை ராத்திரி அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. படுக்க முடியல, செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டே இரைக்கிறாரு. 108 வந்து கூட்டிட்டுப் போய் நடுராத்திரியில டயாலிசிஸ் பண்ணித்தான் ஆளைத் திருப்பினாங்க. அங்க வராண்டாவுல ஒருத்தர் என்னைப் பிடிச்சுக் கேட்டாங்க, "யாரும்மா இவருக்கு இளநி குடுத்தது, ஆளையே கொல்லப் பாத்தீங்களா"ன்னு. பையன் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு எனக்குப் பின்னாலதான் நின்னான்.

அன்னைல இருந்து அவன் தண்ணி குடிக்க மாட்டேங்கிறான். ஸ்கூலுக்கு நிரப்பிக் குடுத்து விடுற பாட்டில் அப்படியே திரும்பி வருது. சோத்தோட ரெண்டு வாய், அதுவும் நான் முன்னால நின்னா. ஒண்ணுக்குப் போனா எரியுதுங்கிறான். ராத்திரி அவங்க அப்பா ரூம் வாசல்ல துண்டை விரிச்சுப் படுத்துக்கிறான். "உன்னால இல்ல சாமி"ன்னு நூறு தடவை சொல்லிட்டேன். காதுலயே வாங்க மாட்டேங்கிறான். யாராவது வழி சொல்லுங்க.

நாலுமணிநேரம் | ஞாயிறு, காலை 6:25

அக்கா, நான் மதுரையில டயாலிசிஸ் டெக்னீசியன், 11 வருஷமா இதே வேலை. முதல்ல உடம்பு. எரியுதுன்னு சொல்றான் இல்லையா, நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டி ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துருங்க. மத்ததை அதோட சேர்த்துப் பாக்கலாம்.

"உன்னால இல்ல"ன்னு நீங்க சொல்றதை அவன் ஏன் நம்பல தெரியுமா? வராண்டாவுல ஒரு பெரியவங்க சொன்னதை அவன் காதால கேட்டுட்டான். வயித்துப் புண்ணுன்னு சொன்ன அம்மா இப்ப வேற சொல்றாங்க. எதை நம்புவான்? கோவிச்சுக்காதீங்க, வயித்துப் புண்ணுன்னு கேட்ட பையன் அதுக்கு எது மருந்துன்னு தேடி, சொந்தக் காசுல வாங்கிட்டு வந்திருக்கான். அவனுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது சரியான வைத்தியம்.

அதனால நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. திங்கக்கிழமை மூச்சுத் திணறினது நுரையீரல்ல தண்ணி கோர்த்ததால. ஒரு இளநியில அவ்வளவு தண்ணி வராது. வாரம் ரெண்டு டயாலிசிஸ்ல வெள்ளிக்கு அப்புறம் செவ்வாய் வரைக்கும் 4 நாள் இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியோட கடைசி ராத்திரியிலதான் எங்களுக்கு எமர்ஜென்சி கேஸ் அதிகம் வரும். ஒரு வாரத்துல 168 மணி நேரம். நல்ல கிட்னி அத்தனை மணி நேரமும் ஓயாம வேலை செய்யும், மெஷின் உங்க வீட்டுக்காரருக்கு 8 மணி நேரம்தான் செய்யுது. மிச்ச நேரம் குடிச்ச தண்ணி எல்லாம் உடம்புலயே நிக்கும். ஒரு லிட்டர் நின்னா ஒரு கிலோ எடை ஏறும். சனிக்கிழமை ஏதாவது விசேஷ வீட்டுச் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம் உண்டா? உப்பு போனா தாகம் தாங்காது.

இளநி வேற காரணத்துக்காக ஆகாது. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. கிட்னி வேலை செய்யாத உடம்புல அது தேங்கினா இதயத்துடிப்பே தப்பிப் போகும். இதையும் மறைக்காதீங்க. "இளநி அப்பாவுக்கு ஆகாதுதான். அது உனக்குத் தெரியாது. நாங்க சொல்லாம விட்டோம், அது எங்க தப்பு." இந்த மூணு வாக்கியமும் சேர்ந்து இருக்கணும். முதல் வாக்கியத்தை முழுங்கிட்டா மத்த ரெண்டையும் நம்ப மாட்டான்.

இன்னொண்ணு. இதை அப்பா வாயால கேட்கணும். தண்ணி கேட்டது அவர்தானே.

பழையகாவேரி | ஞாயிறு, காலை 9:40

அம்மா, எனக்கு 68 வயதாகிறது. என் கருத்து இங்கே பலருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கிட்னி, பொட்டாசியம், இதயத்துடிப்பு எல்லாம் எதற்கு? என் தங்கை வீட்டில் மாப்பிள்ளைக்கு இருதய நோய் என்று குழந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்தக் குழந்தை ராத்திரியில் நாலு தடவை எழுந்து போய் அப்பா மூக்கில் விரல் வைத்துப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் உட்காராது. அந்தப் பயத்தை யார் கொடுத்தது? பெரியவர்கள் சுமக்க வேண்டியதைப் பெரியவர்கள்தான் சுமக்க வேண்டும். பையனைக் கொஞ்ச நாள் அம்மாயி வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். விளையாடினால் மறந்துவிடுவான்.

ஒத்தையடிப்பாதை | ஞாயிறு, மதியம் 1:15

ஐயா, உங்க வயசுக்கு மரியாதை குடுத்தே சொல்றேன். அப்படி வேற வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன் நான்.

1994, எனக்கு 10 வயசு. அம்மாவுக்கு மார்புல புற்றுநோய். அந்த வார்த்தையை எங்க வீட்டுல யாரும் உச்சரிச்சதில்லை. "அம்மாவுக்கு உடம்பு அசதி" அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தப் பக்கத்துக் கையைத் தூக்க முடியாது. எனக்குத் தலை சீவி விடும்போது பாதியில நிறுத்திருவாங்க. ஒரு நாள் ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு நான் சீப்பைப் பிடுங்கி எறிஞ்சு, "உனக்கு ஒண்ணும் ஒழுங்கா செய்யத் தெரியாது"ன்னு கத்தினேன். அந்த வாரமே என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல. சீப்பை எறிஞ்சதாலதான்னு நினைச்சேன்.

40 நாள் கழிச்சு மாமா வந்து கூட்டிட்டுப் போனாரு. பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு திரும்பினதும் எங்க வீட்டு வாசல்ல பந்தல். யாருக்கோ கல்யாணம்னு சந்தோஷமா ஓடினேன்.

அதுக்கு மேல எழுத வரல. ஆனா இதை மட்டும் சொல்லணும். என் தம்பி அப்ப கைக்குழந்தை. "இவன் பொறந்த நேரம், தாய்க்கு ஆகாத ஜாதகம்"னு ஒரு பெரியம்மா அவன் எதிர்லயே ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க. அவனுக்கு இப்ப 30 தாண்டிருச்சு, குழந்தை பெத்துக்கவே பயப்படுறான். ஜமுக்காளம் அக்கா, உங்க சொந்தக்காரங்க யாராவது பையன் காதுபட இளநிக் கதையைப் பேசினா, ராசி ஜாதகம்னு ஆரம்பிச்சா, அங்கயே, பையன் முன்னாலயே தடுங்க. தனியாக் கூப்பிட்டுச் சொன்னா போதாது. நீங்க தடுக்கிறதை அவன் பாக்கணும்.

ஐயா சொன்ன குழந்தை மூக்குல விரல் வெச்சுப் பாத்துதே, அதுக்கு நோய் என்னன்னு சொன்னாங்க, சரி. அப்பா தூங்கும்போது யார் பாத்துக்கிறாங்கன்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா அது தூங்கியிருக்குமோ என்னமோ.

சாக்பீஸ் | ஞாயிறு, இரவு 8:05

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்புலயும் ஒண்ணு ரெண்டு இருக்காங்க. எங்களுக்கு யாரும் சொல்றதில்ல. நாங்களாத்தான் கண்டுபிடிக்கிறோம்: திடீர்னு வயித்துவலின்னு வீட்டுக்குப் போகணும்பான், கையெழுத்து கலையும், காலை உணவுல ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவான், ஏன்னா ராத்திரி வீட்டுல சமைக்க ஆள் இல்ல.

நாளைக்கே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்க. போன்ல வேண்டாம். நாலே விஷயம் சொன்னா போதும்: அப்பாவுக்கு என்ன நோய், எந்தெந்த நாள் ஆஸ்பத்திரி, பையன் தண்ணி குடிக்கிறதில்ல, வகுப்புல இதைப் பத்தி யாரும் அவன்கிட்ட கேட்கக் கூடாது. இப்பப் பல பள்ளிகள்ல தண்ணி குடிக்கன்னே மணி அடிக்கிறாங்க. அந்த நேரத்துல டீச்சரும் பாட்டிலைத் திறந்து எல்லாரோடயும் சேர்ந்து குடிச்சா அவனைத் தனியா உருட்டி மிரட்ட வேண்டியதில்ல.

பண விஷயமும் சொல்லிடறேன், இது பலருக்குத் தெரியாது. மிஷன் வத்சல்யாங்கிற அரசுத் திட்டத்துல, பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோய்ல இருக்கிற குழந்தைக்கு மாசம் 4,000 ரூபாய் உதவி இருக்கு. கிராமம்னா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள, நகரம்னா 96,000க்குள்ள இருக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு கேட்டுப் போங்க. டயாலிசிஸ் சீட்டு, வருமானச் சான்று, பிள்ளைங்க படிப்புச் சான்று எடுத்துக்கிட்டுப் போங்க.

இன்னொண்ணு கேட்கணும்னு நேத்துல இருந்து மனசுல இருக்கு. உங்க பொண்ணைப் பத்தி நீங்க எழுதினது ஒரே ஒரு வரி. செவ்வாயும் வெள்ளியும் நீங்க ஈரோட்டுல இருக்கும்போது வீட்டை யார் பாத்துக்கிறா?

ஜமுக்காளம் | ஞாயிறு, இரவு 11:50

டீச்சர், அந்தக் கடைசி வரியைப் படிச்சிட்டு அடுப்படியில போய் உக்காந்துட்டேன்.

எல்லாம் அவதானுங்க. அப்பாவுக்குக் காயை நறுக்கி, சுடுதண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டி, மறுபடி வேகவெச்சு வடிக்கிறதெல்லாம் அவதான். பொட்டாசியம் போகணும்னு டயட் அம்மா சொன்னதை நோட்டுல எழுதி வெச்சிருக்கா. தம்பியைக் கிளப்பி விடுவா. 8 மாசத்துல ஒரு தடவைகூட அழுது நான் பாக்கல. ‘எம் பொண்ணு பெரியமனுசி, அவளைப் பத்திக் கவலை இல்ல’ன்னு எல்லாத்துகிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இந்த வருசம் அரையாண்டுல கணக்குல 31. நான் திட்டினேன். ஒண்ணும் பேசல, காயை எடுத்து நறுக்க ஆரம்பிச்சிட்டா.

சனிக்கிழமை நாத்தனார் வீட்டுச் சீர், கேட்டீங்களே நாலுமணிநேரம் தம்பி, அங்க அப்பளம், ஊறுகாய் எல்லாம் சாப்பிட்டாரு. நான்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாளாவது வாய்க்கு ருசியாச் சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்.

வன்னிமண் | திங்கள், அதிகாலை 5:30

வணக்கம் அக்கா. நான் வவுனியா. எங்கட அப்பாவுக்கும் சிறுநீரக வருத்தம்தான். இஞ்ச வவுனியா, அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்தில வயல் செய்யிற கமக்காரருக்கு வாற ஒரு வகை இருக்கு. சீனி வருத்தமும் இல்லை, பிரசரும் இல்லை, ஆனா சிறுநீரகம் பழுதாகும். 1990களிலதான் டொக்டர்மார் இதைக் கவனிச்சவை. தண்ணி, வயலுக்கு அடிக்கிற நஞ்சு, வெயில் எண்டு கன காரணம் கதைக்கினம், இன்னும் ஒண்டை முடிவாச் சொல்லேல்லை.

எனக்கு அப்ப 11 வயசு. பின்னேரத்தில வயலுக்குக் கிணத்துத் தண்ணி கொண்டு போய்க் குடுக்கிறது நான்தான். ஊருக்குள்ள "கிணத்துத் தண்ணியாலதான் இந்த வருத்தம்" எண்டு கதை வந்த நாளில இருந்து எனக்கு நித்திரை இல்லை. எத்தினை குடம் குடுத்திருப்பன் எண்டு இரவில எண்ணுவன். ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை.

மூண்டு மாசம் கழிச்சு அம்மாட்ட கேட்டன், "அம்மா, என்ர தண்ணியாலயோ?" எண்டு. அம்மா மழுப்பேல்லை. "ஏன் வந்தது எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. டொக்டர்மாருக்கும் தெரியாது. அந்தக் கிணத்தில நாங்கள் எல்லாரும்தான் குடிச்சனாங்கள். நீ கொண்டு போன தண்ணியை அப்பா ஒவ்வொரு நாளும் எதிர்பாத்துக் கொண்டிருந்தவர்" எண்டா. தெரியாது எண்டு ஒரு பெரிய ஆள் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்டைக்கு இரவு நித்திரை கொண்டன்.

உங்கட மகன் தண்ணி குடிக்காம இருக்கிறான் எண்டு வாசிக்க எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் வந்தது. அவன்ர கையால அப்பாவுக்குச் செய்யக்கூடிய சரியான வேலை ஒண்டைக் குடுங்கோ. கையைக் கட்டிப் போட்டுவிடாதேங்கோ.

பழையகாவேரி | திங்கள், காலை 10:20

தம்பி ஒத்தையடிப்பாதை, நேற்று நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். பந்தலைக் கண்டு ஓடினேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நல்லது என்று நம்பித்தான் செய்தோம். அம்மாயி வீட்டுக்கு அனுப்பச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. இப்படி எல்லாம் பேச ஆரம்பித்தால் குழந்தை ஒரு நாள் கேட்கும்: "அப்பா செத்துப்போயிடுவாரா?" அப்போது என்ன சொல்வது? ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

மாலைநேரம் | திங்கள், மாலை 6:45

ஐயா, நான் வலிநிவாரண சிகிச்சைக் குழுவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன், வீடு வீடாகப் போகிற வேலை. இந்தக் கேள்வியைக் குழந்தைகள் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் திண்ணையில், பெரியவர்கள் உள்ளே போன நேரத்தில்.

பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "உனக்கு ஏன் அப்படித் தோணுச்சு?" சில சமயம் பக்கத்து வீட்டில் ஏதோ கேட்டிருப்பான். சில சமயம் அவன் கேட்பது சாவைப் பற்றியே இருக்காது. "நாளைக்கு யார் என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க" என்பதுதான் உள்ளே இருக்கும். நான் பார்த்த வரைக்கும் குழந்தைகள் மனசில் மூணு கேள்வி சுத்திக்கொண்டே இருக்கும்: என்னால வந்துச்சா, எனக்கும் ஒட்டிக்குமா, என்னை யார் பாத்துக்குவாங்க. வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுங்கள். மூன்றாவதற்கு "நாங்க இருக்கோம்ல" போதாது. ஆள் பேர் சொல்லணும்: "செவ்வாக்கிழமை அம்மா வர்ற வரைக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மா, அவங்க இல்லேன்னா மாமா."

சாவைப் பற்றிக் கேட்டால் டயாலிசிஸில் இருக்கிறவர் விஷயத்தில் உண்மையாகவே சொல்லக்கூடிய பதில் இருக்கிறது. "இது பெரிய வியாதிதான். மெஷின் இருக்கிறதால பல பேர் பல வருஷம் இருக்காங்க. இப்ப அப்பா சாகப்போறாருன்னு டாக்டர் யாரும் சொல்லல. அப்படி ஏதாவது மாறினா உன்கிட்ட மறைக்க மாட்டேன், நானே வந்து சொல்லுவேன்." கடைசி வாக்கியத்தைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும். "அப்பா சாகவே மாட்டார்" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஒருவர் இறந்துபோனால் "தூங்குறாரு", "சாமிகிட்டப் போயிருக்காரு" என்றும் சொல்லாதீர்கள். 5, 6 வயசுக் குழந்தைக்குச் செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பதே முழுசாகப் பிடிபடாமல் போகலாம். தூங்கப் பயப்படும், இல்லாவிட்டால் வாசலில் காத்துக்கொண்டிருக்கும். 9 வயசில் அது புரிந்துவிடும். உங்கள் பையனுக்குப் புரிந்துவிட்டது என்பதால்தான் வாசலில் படுக்கிறான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குழந்தை அழுதுகொண்டிருக்கும்போதே பட்டம் பார்த்துவிட்டு ஓடும். கல்நெஞ்சு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தாங்குவார்கள், நடுவில் விளையாட்டு வேண்டும்.

பொண்ணைப் பற்றி டீச்சர் கேட்டது ரொம்பச் சரி. அழாத 14 வயசுதான் எனக்குப் பயம். வாரத்தில் ஒரு மாலையாவது அவளுக்கு எந்த வேலையும் இல்லாத மாலையாக இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் பையன் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், அல்லது இருவரில் யாராவது "நான் இல்லாம இருந்தா நல்லது" என்கிற மாதிரிப் பேசினால் அன்றைக்கே ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்கிற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. குழந்தையே கூப்பிடணும் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஜமுக்காளம் | புதன், இரவு 10:30

மூணு நாளா எழுத முடியல, மன்னிச்சுக்கோங்க. நடந்ததைச் சொல்லிடறேன்.

திங்கக்கிழமை டாக்டர்கிட்டக் காட்டினோம். யூரின்ல கிருமி இல்ல, தண்ணி பத்தாமதான் எரிச்சல்னு சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி அவர்கிட்ட இங்க நீங்க எழுதினதை எல்லாம் வாசிச்சுக் காட்டினேன். ஒத்தையடிப்பாதை தம்பி எழுதினது வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டாரு. கொஞ்ச நேரம் செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தவரு, "அவனைக் கூப்பிடு"ன்னாரு.

பையன் வந்து கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். உள்ள வரல. அவரு சொன்னாரு: "கண்ணு, எனக்கு வயித்துல புண்ணு இல்ல. பொய் சொன்னோம். எனக்குக் கிட்னி வேலை செய்யல. தண்ணி குடிச்சா வெளிய போகாது. அது தெரிஞ்சும் உன்கிட்டத் திருட்டுத்தனமாத் தண்ணி கேட்டேன். உன்னை மாட்டி விட்டது நான்." பையன் ஒண்ணே ஒண்ணு கேட்டான்: "அப்ப இளநி?" இவரு என்னைப் பாத்தாரு. நான் நாலுமணிநேரம் தம்பி சொன்ன மூணு வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன். ஆகாது, உனக்குத் தெரியாது, நாங்க சொல்லல, எங்க தப்பு. அவரு கூடவே சேர்த்தாரு: "ஆனா எட்டு மாசத்துல எனக்குன்னு உண்டியலை உடைச்சவன் நீ ஒருத்தன்தான்."

அப்பத்தான் அழுதான். எட்டு நாளா அடக்கி வெச்சிருந்தது.

அப்புறம் அவரு இடது கையை நீட்டி, ஊசி போடுற இடத்துக்கு மேல அவன் கையை எடுத்து வெச்சாரு. பிஸ்டுலான்னு சொல்வாங்களே, ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தெச்சிருக்கிற இடம். உள்ள ரத்தம் விர்ர்னு ஓடுறது கைக்குத் தெரியும். பையன் கையை வெடுக்குன்னு எடுத்தான், மறுபடி வெச்சான். காதைக் கொண்டு போய் வெச்சுக் கேட்டான். "அப்பா, தறி ஓடுற மாதிரி இருக்குதுப்பா"ன்னான். எங்க வீட்டுக்காரரு 22 வருசம் தறி ஓட்டினவருங்க. படுக்கையில விழுந்ததுல இருந்து தறிச் சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்குவாரு. அன்னிக்குச் சிரிச்சாரு.

கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் பதில் சொன்னோம். ஒட்டிக்குமான்னு கேட்டான். ஒட்டாதுன்னோம். செத்துருவீங்களான்னு கேட்டான், பழையகாவேரி ஐயா சொன்ன மாதிரியே கேட்டுட்டான். மாலைநேரம் அக்கா எழுதினதைத்தான் அவரு வாயால சொன்னாரு. சொல்லி முடிச்சதும் ‘சரி’ன்னுட்டு டிவி பாக்கப் போயிட்டான். அந்த ஒரு வார்த்தை போதுமான்னு எனக்குத்தான் நெஞ்சு பதறுது.

நேத்து அவருக்கு டயாலிசிஸ் முடிஞ்சு நாங்க வந்ததும் பையன் ஒரு டம்ளர் தண்ணியை எடுத்துக்கிட்டு என் முன்னால வந்து நின்னான். "நான் குடிக்கிறது அப்பா கணக்குல வராதுல்லம்மா?"

அவன் மனசுல இதுதானுங்க இருந்திருக்கு. வீட்டுக்கே 750 மில்லின்னு நினைச்சிருக்கான். இவன் குடிச்சா அப்பாவுக்குக் குறையும்னு.

நாலுமணிநேரம் | வியாழன், காலை 6:10

அக்கா, யூனிட்டுல உக்காந்து படிச்சிட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுத்தான் மெஷினை ஆன் பண்ணேன்.

சின்ன எச்சரிக்கை. தறிச் சத்தம் தினமும் கேட்கணும்பான், கேட்கட்டும். ஆனா அந்தச் சத்தம் இருக்கான்னு காலையும் ராத்திரியும் பாக்குற பொறுப்பு உங்களோடதும் அவரோடதும்தான். நின்னுபோச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதைக் கண்டுபிடிக்கிற வேலை பையனுக்கு வேண்டாம். அதே மாதிரி அப்பா எவ்வளவு குடிக்கிறாருன்னு காவல் காக்கவும் விட்டுராதீங்க. அவன் போலீஸ் ஆயிட்டா அவர் மறுபடி ஒளிச்சுக் குடிப்பாரு.

வன்னிமண் சொன்ன மாதிரி வேலை குடுக்கணும்னா ஐஸ் குடுங்க. அன்னைக்கு 750ல இருந்து 100 மில்லியை நீங்க அளந்து ஐஸ் டிரேல ஊத்திக் குடுங்க, அவன் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, அப்பா கேட்கும்போது ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்கட்டும். ஒரு கட்டி வாயில கரையுற நேரம் தாகம் அடங்கும்.

பிஸ்டுலா கையில பிரஷர் பாக்க, ரத்தம் எடுக்க விடாதீங்கன்னும் அவனுக்குச் சொல்லுங்க. இந்தச் சட்டத்தைப் பிள்ளைங்க நல்லா ஞாபகம் வெச்சுக்குவாங்க, எங்க யூனிட்டுல ஒரு வாண்டு வந்து எங்களையே அதட்டும்.

சாக்பீஸ் | வியாழன், இரவு 7:30

பொண்ணு?

ஜமுக்காளம் | வெள்ளி, இரவு 9:15

இன்னிக்கு டயாலிசிஸுக்கு என் தம்பி கூடப் போனான். எட்டு மாசத்துல முதல் தடவையா நான் போகல. பொண்ணும் நானும் பவானி கூடுதுறை வரைக்கும் நடந்து போய் படித்துறையில உக்காந்தோம். கணக்கு மார்க்கைப் பத்தி நான் வாயே திறக்கல.

ரொம்ப நேரம் ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டு பையில இருந்து ஒரு சீட்டை எடுத்துக் குடுத்தா. ஸ்கூல் கேம்ப்ல எடுத்த ரத்த குரூப் சீட்டு. ஓ பாசிட்டிவ், அவங்க அப்பாவுக்கும் அதேதான். "என்னோடது ஒண்ணு எடுத்துக்கச் சொல்லும்மா, எனக்கு ஒண்ணு போதும்"ங்கிறா. எத்தனை மாசமா அந்தச் சீட்டைப் பையிலயே வெச்சிருந்தாளோ. 18 வயசு ஆகாதவங்ககிட்ட எடுக்கச் சட்டம் விடாது சாமின்னேன். 1994லயே சட்டம் போட்டுட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. எனக்கு ஒத்து வருதான்னு டெஸ்ட் நடக்குது, மூளைச்சாவு அடைஞ்சவங்க கிட்டயிருந்து கிடைக்கிற வரிசையிலயும் அப்பா பேர் பதிஞ்சாச்சுன்னு எல்லாத்தையும் சொன்னேன். இதுல ஒண்ணுகூட அவளுக்கு நான் சொன்னதில்ல. பெரியமனுசின்னு நினைச்சு வேலை மட்டும் சொல்லியிருக்கேன்.

"அப்ப நான் 18 ஆகுற வரைக்கும் படிச்சா போதுமா?"ன்னு கேட்டா. போதும்னேன். என் மடியில தலை வெச்சு அழுதா. படித்துறையில ஆளுங்க பாத்தாங்க, பாத்துட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இனி அவளுக்கு அடுப்படி கிடையாது. எதிர்வீட்டுப் பெரியம்மா சோறு குடுத்து விடறேன்னு சொல்லியிருக்காங்க. காயை எப்படி ஊறவெச்சு வடிக்கிறதுன்னு அவ நோட்டைப் பாத்து நான்தான் கத்துக்கணும்.

பையன் பாட்டில் இன்னிக்கு முக்கால்வாசி காலியா வந்துது. மிச்சம் இருந்ததை என்கிட்டக் காட்டிட்டு, வாசல் முருங்கைக்கு ஊத்திட்டு, ஐஸ் டிரேயை எடுத்துக்கிட்டு உள்ள ஓடுறான். அவங்க அப்பா வர்ற நேரம்.